எங்கே நிற்க வேண்டும் என்று அறிந்தவர்

பொது அறிவுப் போட்டிகளில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி, இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம் யார் என்பது. ஏ. எம். ஏ. அஸீஸ் என்று விடை எழுதிவிட்டு நாமும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்தப் பதவியில் அவர் சேர்ந்தது 1935ஆம் ஆண்டில். அதை அவர் விட்டுவிட்டது 1948ஆம் ஆண்டில். சேர்ந்ததைக் கேட்பவர்கள் விட்டதைக் கேட்பதில்லை. எனக்கோ விட்டதுதான் பெரிய செய்தியாகப் படுகிறது. இக்கட்டுரையை எழுத வந்ததும் அதற்காகத்தான்.

அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் 1911ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில், நமது சோனகத் தெருச் சமூகத்தில் பிறந்தார். தந்தையார் எஸ். எம். அபூபக்கர் சட்டத்தரணி, ஊர்ப் பொது வாழ்விலும் பெயர் பெற்றவர். அஸீஸ் பிறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1905இல், யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பிரதம நீதியரசர் அதை ஏற்கவில்லை. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வழக்குப் பேசியிருந்தால் யாரும் எதுவும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் கழற்றவில்லை. அதிலிருந்து எழுந்த கிளர்ச்சி இலங்கை முஸ்லிம்கள் முழுப்பேரையும் ஒன்று சேர்த்தது. தொப்பி அணியும் உரிமையும் பின்னர் கிடைத்தது. சட்டத்தரணி ஒருவரின் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கதை காதில் விழாமல் இருந்திருக்காது.

அஸீஸ் படித்த பாடசாலைகளை வரிசையாகச் சொன்னாலே யாழ்ப்பாணத்தின் ஒரு படம் கிடைக்கும். முதலில் குர்ஆன் பள்ளி, பிறகு முஹம்மதியா கலவன் பாடசாலை, அடுத்து இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயம், அதன் பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. இந்துக் கல்லூரியில் 1929 வரை படித்தார். தேவாரம் பாடும் பிள்ளைகளுக்கு நடுவே ஒரு முஸ்லிம் பையன் இருந்து படித்திருக்கிறான். அங்கே தன்னை மறைத்துக்கொண்டு இருக்கலாம். அல்லது எதற்கெடுத்தாலும் முறைத்துக்கொண்டு இருக்கலாம். அவர் இரண்டும் செய்யவில்லை என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கையே சான்று. தான் முஸ்லிம் என்பதிலும் தன் மொழி தமிழ் என்பதிலும் அவருக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. அந்தத் தெளிவு வைத்தீஸ்வராவின் வகுப்பறையிலும் இந்துக் கல்லூரியின் விளையாட்டு மைதானத்திலும் உண்டாகியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்துச் சிறப்புப் பட்டம் பெற்றார். அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்துக் கேம்பிரிட்ஜ் சென். கதரின்ஸ் கல்லூரிக்குப் போனார். அங்கே அதிக காலம் இருக்கவில்லை. சிவில் சேவைக்குத் தெரிவானதால் திரும்பி வந்துவிட்டார். அக்காலத்துச் சிவில் சேவை என்றால் இக்காலத்து எந்த உத்தியோகத்தோடும் ஒப்பிட முடியாது. ஒரு மாகாணத்தையோ மாவட்டத்தையோ ஆளும் அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது. 1937இல் உம்மு குல்தூம் அவர்களைத் திருமணம் செய்தார்.

இனிக் கல்முனை. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் முதலில் கொழும்பிலும் நான்கு நாள் கழித்துத் திருகோணமலையிலும் குண்டு போட்டன. பர்மா யப்பானியரிடம் விழுந்துகொண்டிருந்தது. இலங்கைக்கு அரிசி வந்த பெரிய வழி அதுதான். நாட்டில் பஞ்சம் வராமல் இருக்க வேண்டுமானால் உள்ளூரிலேயே நெல் விளைய வேண்டும். அதற்காகக் கல்முனையில் ஓர் அவசரகாலக் கச்சேரி திறக்கப்பட்டது. உதவி அரசாங்க அதிபராக அங்கே அனுப்பப்பட்டவர் முப்பது வயது அஸீஸ். காட்டு நிலங்களைத் திறந்து கமக்காரருக்குக் கொடுத்து நெற்செய்கையைக் கூட்டுவது அவருடைய வேலை.

அவருக்கு அந்த ஊர் புதிது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களில் வியாபாரிகளும் கைத்தொழில் செய்வோரும் அதிகம். கல்முனைப் பக்கத்து முஸ்லிம்கள் வயலோடு வாழ்பவர்கள். போடியார், வட்டை, வட்டவிதானை என்று அவர்களுக்குத் தனிச் சொற்கள் உண்டு. பேச்சின் ஓசையும் வேறு. கேம்பிரிட்ஜ் வரை போய் வந்த துரை ஒருவர் மேசையில் இருந்து கட்டளை போட்டிருந்தாலும் நெல் விளைந்திருக்கும். மேலதிகாரிகளும் மெச்சியிருப்பார்கள். அவர் அந்த மக்களுக்குள் போனார். அவர்கள் பாடும் நாட்டார் கவிகளைக் கேட்டார். எழுத்து வாசனை இல்லாத பெண்கள் நினைவிலிருந்து பாடும் கவிகளில் எவ்வளவு நல்ல தமிழ் இருக்கிறது என்பதை அறிந்துகொண்டார். பக்கத்து ஊரான காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலானந்தரோடு நெருங்கிப் பழகினார். காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெவ்வையும் அவருக்கு நண்பரானார். ஒரு முஸ்லிம் அதிகாரிக்கும் ஓர் இந்துத் துறவிக்கும் இடையில் தமிழை வைத்து வளர்ந்த அந்த நட்பைப் பற்றிக் கிழக்கில் இன்னும் பேசுகிறார்கள்.

தலைமை தாங்க வருபவர் முதலில் தன்னிடம் இல்லாதது எது என்று அறிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இந்தக் கல்முனைக் காலத்தைப் பார்த்துத்தான். தனக்குப் பட்டம் உண்டு, அதிகாரம் உண்டு, ஆனால் இந்த மக்களைத் தெரியாது என்பது அஸீஸுக்குத் தெரிந்திருந்தது. தெரியாததைக் கற்றுக்கொள்ள அதிகாரி என்ற கௌரவம் அவருக்குத் தடையாகவில்லை. எங்கள் பாடசாலைகளில் ஒரு சின்னம் குத்தியவுடனேயே குரல் மாறிவிடுகிறவர்களை நாம் பார்க்கிறோம் அல்லவா? மாணவத் தலைவியாக இருக்கும் என் சிநேகிதிகள் கோபிக்கக் கூடாது.

அவர் கல்முனையில் கண்ட இன்னொன்று அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. கூர்மையான புத்தியுள்ள பிள்ளைகள் காசில்லாமல் படிப்பை விட்டு வயலுக்கும் கடலுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். 1942இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். பின்னர் கண்டிக்கு மாற்றலாகிப் போனபோதும் இந்தக் கவலை அவரோடு கூடவே போயிருக்கிறது. 1945 மே மாதத்தில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாயநிதி தொடங்கப்பட்டது. வசதியில்லாத மாணவர் மேற்படிப்புப் படிக்க அது உதவியது. அந்த நிதியால் பல்கலைக்கழகம் போனவர்கள் பலர்.

ஓர் அரசாங்க அதிகாரி இப்படிப் பகலில் கச்சேரி வேலையும் மற்ற நேரத்தில் சமூக வேலையுமாகக் கடைசிவரை ஓட்டியிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அஸீஸுக்கு அது போதவில்லை.

கொழும்பு ஸாஹிராக் கல்லூரி 1892இல் சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் முதலியோரின் முயற்சியால், நாடுகடத்தப்பட்டு இலங்கையில் வாழ்ந்த எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷாவின் ஆதரவோடு தொடங்கப்பட்டது. 1921இலிருந்து ரி. பி. ஜாயா அதன் அதிபராக இருந்து அதைப் பெரிய கல்லூரியாக்கினார். 1947இல் ஜாயா அமைச்சரானார். இருபத்தேழு ஆண்டுகள் ஒருவர் கட்டிக்காத்த இடத்துக்கு அடுத்து யார் வருவது? 1948 செப்டெம்பரில் அந்த இடத்துக்கு அஸீஸ் வந்தார். சிவில் சேவையை இராஜினாமாச் செய்துவிட்டு வந்தார்.

அந்த ஆண்டை யோசித்துப் பாருங்கள். 1948 பெப்ரவரியில் நாடு சுதந்திரம் பெற்றது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருந்த கதிரைகளெல்லாம் இலங்கையருக்குக் காத்திருந்தன. சேவையிலே பதின்மூன்று ஆண்டு அனுபவம் உள்ள, இன்னும் முப்பத்தேழு வயது நிறையாத ஒருவருக்கு அமைச்சுச் செயலாளர் பதவியும் எட்டாததல்ல. மனைவி, பிள்ளைகள் உள்ள குடும்பஸ்தர். அவர் போனதோ ஒரு பாடசாலைக்கு.

இந்தச் சஞ்சிகையைப் பெற்றோரும் வாசிப்பதால் ஒன்று கேட்கிறேன். உங்கள் மகன் அரசாங்கத்தின் மிக உயர்ந்த உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் நடத்தப் போகிறேன் என்று வந்து நின்றால் வீட்டில் என்ன நடக்கும்? யாழ்ப்பாணத்தில் அரசாங்க உத்தியோகத்துக்கு இருக்கும் மதிப்பு நமக்குத் தெரியாததல்ல. மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட முதலில் கேட்பது அதைத்தான். அன்று அவரது உறவினர் என்ன சொன்னார்கள் என்று நான் கற்பனை செய்யப் போவதில்லை. ஆனால் அவரைப் பைத்தியம் என்று எண்ணியவர் ஒருவர்கூட இருந்திருக்கமாட்டார் என்று நம்புவது கஷ்டம்.

அவர் ஏன் போனார்? இதைத் தியாகம் என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். நான் அதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். தியாகம் என்றால் தனக்கு வேண்டியதைக் கொடுப்பது. அஸீஸ் தனக்கு எது வேண்டும் என்பதைச் சரியாகக் கணக்குப் பார்த்திருக்கிறார். சிவில் சேவையில் அவருடைய இடத்துக்கு இன்னொருவர் வருவார், அரசாங்கம் நின்றுவிடாது. ஒரு சமூகத்தின் கல்வியைத் தூக்கி நிறுத்துவதோ பணம் அனுப்பியோ தலைமை உரை ஆற்றியோ செய்யக்கூடிய வேலையல்ல. காலையில் மணி அடிக்கும்போது ஒருவர் அங்கே நிற்க வேண்டும். தன்னால் அப்படி நிற்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நின்றார், 1961 வரை.

அந்தப் பதின்மூன்று ஆண்டுகளை ஸாஹிராவின் பொற்காலம் என்று சொல்லுவார்கள். நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மாணவர் வந்தார்கள். முஸ்லிம்கள் மட்டும் வரவில்லை. வடமராட்சிக் கரவெட்டியில் பிறந்த கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே படித்தார்; பிற்காலத்தில் அங்கே ஆசிரியராகவும் இருந்தார். தமிழுலகம் முழுதும் அறிந்த பேராசிரியரான பின்னும் அவர் தம் அதிபரைப் பற்றி நன்றியோடு எழுதியும் பேசியும் வந்தார். யாழ்ப்பாணத்து முஸ்லிம் பையன் இந்துக் கல்லூரியில் படித்ததும், கரவெட்டிப் பையன் அந்த முஸ்லிம் அதிபரிடம் ஸாஹிராவில் படித்ததும் ஒரு நல்ல கணக்குப்போல எனக்குப் படுகிறது. வாங்கியது திருப்பிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஸாஹிரா ஆண்கள் கல்லூரி என்பதில் மட்டும் எனக்குச் சிறிய வருத்தம் உண்டு.

1950இல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கங்களின் பேரவை உருவாக முன்னின்றார். 1952இல் செனட் சபை உறுப்பினரானார். அதிபர், செனட்டர், சங்கத் தலைவர், எழுத்தாளர் என்று இவ்வளவையும் ஒருவர் ஒரே காலத்தில் சுமப்பது சரிதானா? ஒரு பாடசாலையின் அதிபர் பாராளுமன்ற வேலையாகவும் போய்க்கொண்டிருந்தால் பாடசாலையில் முழுமனதோடு இருக்க முடியுமா? அவரை மதிப்பவர்கள் இதைக் கேட்பதில்லை. நான் கேட்கலாம் என்று நினைக்கிறேன். செனட் சபையில் இருந்ததால் கல்லூரிக்கு நன்மை கிடைத்திருக்கலாம். ஆனால் ஒரு நாளுக்கு இருபத்துநாலு மணித்தியாலம்தான். அவர் அறுபத்திரண்டு வயதில் காலமானதை நினைக்கும்போது இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

செனட் சபையில் அவர் பேசிய பேச்சுகளைவிட அவர் செய்த ஒரு காரியம் முக்கியமானது. அவர் ஐக்கிய தேசியக் கட்சியில் இருந்தார். 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற கொள்கை நாட்டைப் பிடித்துக்கொண்டபோது அவருடைய கட்சியும் அதன் பக்கம் சாய்ந்தது. முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் சிங்கள மக்கள் நடுவே வாழ்பவர்கள். ஆகவே அதை ஆதரித்துவிடுவதே பாதுகாப்பு என்று எண்ணிய முஸ்லிம் தலைவர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. பயம் எப்போதும் அர்த்தமில்லாதது அல்ல. கொழும்பில் கல்லூரி நடத்தும் அஸீஸுக்கும் அதை எதிர்ப்பதால் இலாபம் ஒன்றுமில்லை, பேசாமல் இருந்திருக்கலாம். அவர் கட்சியிலிருந்து விலகினார். இலங்கை முஸ்லிம்களின் தாய்மொழி தமிழ் என்பது அவருடைய உறுதியான கருத்து. அந்தக் கருத்தைக் கட்சிக்காக மாற்றிக்கொள்ள அவரால் முடியவில்லை. பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யாமல் இடத்தை விட்டு நகர்ந்து நின்றார், அவ்வளவுதான். 1963 வரை செனட்டராக இருந்தார். பின்னர் பொதுச்சேவை ஆணைக்குழுவில் உறுப்பினரானார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் யாழ்ப்பாணத்து முஸ்லிம் பிள்ளை அல்ல. தமிழே எங்கள் மொழி என்பதற்காகக் கட்சியை விட்டவர் பிறந்த அந்தத் தெருவிலிருந்து, 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, தமிழ் பேசும் முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் சில மணித்தியாலங்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். அஸீஸ் அதைக் காணவில்லை. அவர் 1973 நவம்பர் 24ஆம் திகதி காலமாகியிருந்தார். அப்படியென்றால் 1956இல் அவர் நின்ற இடம் பிழையா? எங்கள் மூத்தவர்கள் சிலர் மனக்கசப்போடு அப்படிக் கேட்பதுண்டு. அவர்கள் இழந்ததை நான் இழக்கவில்லை. ஆகையால் அவர்களோடு வாதாடும் தகுதி எனக்கில்லை. ஆனால் புத்தளத்து அகதி முகாம்களில் ஓலைக் கொட்டில்களுக்குள் இருந்தும் அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேதான் எழுத்துப் பழக்கினார்கள். தாலாட்டியதும் துஆக் கேட்டதும் சண்டை பிடித்ததும் தமிழில்தான். ஊர் திரும்பிய குடும்பங்கள் வீட்டுக்குக் கூரை போட முந்தியே பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசியதும் தமிழில்தான். ஒருவர் எங்களைத் துரத்தினார் என்பதற்காக எங்கள் மொழி அவருடைய சொத்தாகிவிடுமா? அஸீஸ் அந்த மொழியை எவருடைய தயவாலும் பேசவில்லை. குர்ஆன் பள்ளியில் ஓதிக்கொடுத்த லெப்பை பேசிய மொழி அது.

அவர் எழுதிய நூல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் உலகம் வாசிக்கும் என்று இருந்த காலத்தில் அவர் தம் முக்கிய நூல்களைத் தமிழில் எழுதினார். 1963இல் வந்த ‘இலங்கையில் இஸ்லாம்’ சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. எகிப்துப் பயணத்தைப் பற்றிய ‘மிஸ்ரின் வசியம்’, ‘கிழக்காபிரிக்கக் காட்சிகள்’, ‘தமிழ் யாத்திரை’ என்பனவும் அவருடையவை. அறபு எழுத்தில் தமிழை எழுதும் அறபுத் தமிழைப் பற்றி அவர் ஆராய்ந்து எழுதினார். எங்கள் கொள்ளுப்பாட்டிமார் காலத்தில் பெண்கள் மார்க்க விடயங்களை வாசித்து அறிந்தது பெரும்பாலும் அறபுத் தமிழில்தான். பாடசாலைக்குப் போகாத பெண்களை நாம் எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிடுகிறோம். அவர்களில் பலருக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. நமக்குத் தெரிந்த எழுத்தில் அல்ல, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் 1974இல் வந்தது, அவர் மறைந்த அடுத்த ஆண்டு. 1980இல் அது அவருக்கு இலக்கியக் கலாநிதிப் பட்டத்தை வழங்கியது. இன்று நாம் மேடைகளில் கலாநிதி அஸீஸ் என்று சொல்வது அதனால்தான். உயிரோடிருந்தபோது அவருக்கு அந்தப் பட்டம் இருக்கவில்லை. பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலி சோனகத் தெருவிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரம். இவ்வருடம் உயர்தரம் எழுதும் எங்களில் சிலர் இன்ஷா அல்லாஹ் அங்கே போவோம்.

1990இல் வீடுகளோடு புத்தகங்களும் போய்விட்டதால் அவருடைய பழைய பிரதிகள் எங்கள் பகுதியில் கிடைப்பது அரிது. வீட்டில் எவரிடமாவது ஒரு பிரதி இருந்தால் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துதவுங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. முதலில் வாசிக்க விரும்புபவர்கள் ‘மிஸ்ரின் வசியம்’ என்பதிலிருந்து தொடங்கலாம். பயணக் கதைதானே, சின்னத் தங்கைமாரும் கூட இருந்து கேட்பார்கள்.